மாதக் கடைசி வசூலை விட்ட கதை

போடியில் நூற்றுச்சொச்சம் வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு கொடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் மாதம் முடிந்த பிறகுதான் வசூல்; கேபிள் டிவி காலத்துப் பழக்கம். ஆனால் எனக்கு இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நான் 1-ஆம் தேதியே கட்டியாக வேண்டும். பில் போட்டுவிட்டால், பணம் வராவிட்டாலும் 18 சதவீத ஜிஎஸ்டி என் தலையில். வீடு காலி செய்து போனவர்களின் பாக்கி போனது போனதுதான்.

சரி, ப்ரீபெய்டுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன். மாறும் மாதம்தான் சிக்கல். 599 ரூபாய் பிளான் வரியோடு 707 ரூபாய். பழைய மாதமும் புது மாதமும் சேர்ந்தால் 1,414. யார் ஒரே நேரத்தில் கட்டுவார்கள்? பழைய பாக்கியை மூன்று தவணையாகப் பிரித்த பிறகே வாய்ச்சண்டை அடங்கியது.

அப்புறம் ரேடியஸ் சர்வரில், அதாவது யாருக்கு இணைப்பு உண்டு, இல்லை என்று பார்த்து விடும் கணினியில், ஒவ்வொருவருக்கும் 30 நாள் கெடு வைத்தேன். மூன்று நாள் முன்னதாக யுபிஐ லிங்கோடு வாட்ஸ்அப் செய்தி போகும். முதலில் நள்ளிரவில் துண்டிக்கும்படி வைத்திருந்தேன், 12.05-க்கெல்லாம் போன் அலறியது. இப்போது காலை 11 மணிக்குத்தான் துண்டிப்பு.

ஒரு பள்ளியும் இரண்டு மருந்துக் கடைகளும் மட்டும் இன்னும் பழைய முறையில்தான். அவர்கள் கணக்கு முடித்துத்தான் செக் தருவார்கள்.