குழாயில் உப்புக்கறையா? தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் இது பழகிய காட்சி. புதிதாக மாட்டிய பளபளப்பான குழாய், ஆறே மாதத்தில் விபூதி பூசியது போல வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பி நாரை எடுத்து உட்கார்ந்துவிட்டார். கறை பாதி போனது, பளபளப்பு முழுசாகப் போனது. பித்தளைக் குழாய் மேல் குரோம் பூச்சு மிக மெல்லியதாகத்தான் இருக்கும். கம்பி நார் பட்டால் அது தாங்காது.

உப்பு என்று சொல்கிறோமே தவிர, இது சாப்பாட்டு உப்பு இல்லை. அப்படி இருந்தால் தண்ணீர் பட்டதுமே கரைந்துவிடுமே! நிலத்தடி நீரில் கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும்தான் தண்ணீர் காய்ந்ததும் கல்லாக ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். சூடு பட்டால் இது இன்னும் வேகமாகப் பிரியும், அதனால் கீசர் குழாயில் சீக்கிரம் படிகிறது. சோப்பு இதை அசைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து தானும் ஒரு பிசுக்காகப் படியும். சுண்ணாம்பைக் கரைக்கப் புளிப்பு வேண்டும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் சமையல் வினிகர் போதும். இல்லையென்றால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். வாடை பிடிக்காதவர்களுக்கு இதுதான் வசதி.

முதலில் குழாயை ஈரத்துணியால் துடைத்து, பிசுக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பழைய பனியன் துணியை வினிகரில் முக்கி, கறை உள்ள இடத்தில் இறுக்கிச் சுற்றுங்கள். குழாயின் வாய்ப்பகுதிக்கு, சிறிய பிளாஸ்டிக் கவரில் வினிகர் ஊற்றி, வாய் முங்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடலாம். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளியேறுவது கரியமில வாயு. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்குகளை லேசாகத் தேய்த்து, நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். கறை மிச்சமிருந்தால் இன்னொரு சுற்று. ராத்திரி முழுக்க ஊறவிடும் ஆசை வேண்டாம், பூச்சுக்கு ஆகாது. தங்க நிறம், கறுப்பு நிறம் பூசிய குழாய்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சிங்க்கைச் சுற்றிக் கடப்பா கல்லோ மார்பிளோ இருந்தால் கவனம். அவையும் சுண்ணாம்புக்கல் சாதிதான். வினிகர் சொட்டினால் கல் மங்கிப்போகும். கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.

தண்ணீர் நூலாக வருகிறதா? மோட்டாரைத் திட்டுவதற்கு முன் குழாய் வாயில் உள்ள சின்ன சல்லடையைப் பாருங்கள். இது தெரியாமல் நான் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அதைக் கழற்றி, தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். துணி சுற்றிக் கையால் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே ரப்பர் வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, உலோகப் பகுதியை மட்டும் வினிகரில் ஒரு மணி நேரம் போடுங்கள். பிரஷ்ஷால் தட்டினால் மணல் மாதிரி உதிரும்.

பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது கறையோடு குரோமையும் அரித்துவிடும். வினிகரையோ ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

எல்லாம் செய்த பிறகும் பச்சையாக ஏதோ தெரிந்தால் அது உப்பு இல்லை. பூச்சு போய், உள்ளிருக்கும் பித்தளை களிம்பேறுகிறது. அதற்கு வினிகர் உதவாது, புதுக் குழாய்தான். அம்மா தேய்த்த குழாய்க்கு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.