நடுவில் அமுங்கிய கேக் புட்டிங்காக மாறிய விதம்
அரைமணி நேரம் வேக வேண்டிய வெண்ணிலா கேக்கை, நிறம் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் 15ஆவது நிமிடத்திலேயே ஓவன் கதவைத் திறந்துவிட்டேன். காற்றுக் குமிழ்களைத் தாங்கும் அளவுக்கு முட்டையும் மாவும் இறுகுவதற்குள் சூடு குறைந்ததால், நடுப்பகுதி கிண்ணம்போல் அமுங்கிவிட்டது. மீண்டும் வேகவைத்தும் அது எழும்பவில்லை. குத்திப் பார்த்த குச்சியில் ஈரப்பிசுக்கு ஒட்டியது.

அவ்வளவு வெண்ணெய் சேர்த்ததைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஆறிய பின் சிறு துண்டுகளாக்கி, குறைந்த சூட்டில் 10 நிமிடம் உலரவைத்தேன். இதை மட்டும் தவிர்க்கக் கூடாது. ஈரமான கேக் பாலை உறிஞ்சாமல் கூழாகிவிடும். பிறகு 2 முட்டை, 300 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றை அடித்து வடிகட்டித் துண்டுகளின் மேல் ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டேன். கேக்கிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை அதற்கு மேல் தேவைப்படவில்லை.

வெந்நீர் ஊற்றிய அகலத் தட்டில் பாத்திரத்தை இறக்கி, 160 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வேகவைத்தேன். சூடு மெதுவாக ஏறியதால் முட்டை திரியவில்லை. வெளியே எடுத்தபோது ஓரங்கள் இறுகி, மேலே பொன்னிறம் படர்ந்து, பாத்திரத்தைத் தட்டினால் நடுப்பகுதி மட்டும் மெல்ல ஆடியது. அந்தப் பதத்தில் இறக்கி ஆறவிட்டதும் கத்திக்குப் பிசிறின்றி வந்தது.