கட்டாருக்குப் பறக்க எத்தனை மணித்தியாலம்? மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு கணக்கு

தம்பி முதன்முதல் கட்டாருக்குப் போனபோது டிக்கட்டில் 4.00 – 6.15 என்று இருந்தது. இரண்டேகால் மணித்தியாலம்தானே என்று சொல்லிவிட்டேன். ஆறரைக்கும் கோல் இல்லை, ஏழரைக்கும் இல்லை. அம்மா மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கத் தொடங்கிவிட்டா. இத்தனைக்கும் நான் புவியியல் படிப்பிக்கிற ஆள்.

டிக்கட்டில் போடுவது அந்தந்த ஊர் மணி. கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் (துபாய் ஒன்றரை). அங்கே 6.15 என்றால் இங்கே 8.45. இப்போது நாலிலிருந்து எண்ணுங்கள்: 4 மணித்தியாலம் 45 நிமிடம். இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, பெட்டி எடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம். அதற்கு முன் கோலை எதிர்பார்க்க வேண்டாம்.

டிக்கட் கையில் இல்லையென்றால் நூலும் பள்ளிக்கூட உலக உருண்டையும் போதும். தட்டையான படம் தூரத்தில் ஏமாற்றும். முதலில் நடுக்கோட்டைச் சுற்றி நூலை அளவுங்கள். எங்கட உருண்டையில் 96 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர், ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு 417. மறுகா கொழும்புக்கும் டோகாவுக்கும் நடுவில் நூலை இறுக்கிப் பிடித்தால் 8.7 வரும்; 3,600 சொச்சம் கிலோமீற்றர். ஜெட்டுக்கு மணிக்கு 850 என்று பிரித்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். அதே நாலேமுக்கால்தான்.

சென்னைக்கு நூல் வேண்டாம். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கு, அகலக்கோட்டில் 5.8 பாகை வித்தியாசம், பாகைக்கு 111 கிலோமீற்றர்: 650க்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றேகால் மணித்தியாலம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து தூரம் 355தான், ஆனால் அங்கே பறப்பது விசிறி வைத்த ஏடிஆர் விமானம். மணிக்கு 500 போட்டால் நேரம் அதே ஒன்றேகால்!

நம்மட தலையிடி வானத்தில் இல்லை, றோட்டில். மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆகாயத்தால் 205 கிலோமீற்றர், ஜெட் கால் மணித்தியாலத்தில் தாண்டிவிடும். வான் வண்டியில் பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் சுற்றிப் போனால் 300 அளவில், ஏழு மணித்தியாலம். தேத்தண்ணிக்கும், வெலிக்கந்தைப் பக்கம் யானை றோட்டில் நின்றால் அதற்கும், ஒன்றரை. விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். நாலு மணி விமானத்துக்கு முதல் நாள் பின்னேரம் நாலரைக்கே வெளிக்கிடவேண்டும்.

திகதியில்தான் கனபேர் பிழை விடுவது. 14ஆந் திகதி 00.40 என்று இருந்தால், அது 13ஆந் திகதி படுக்கிற இரவு. வான் வீட்டு வாசலுக்கு வரவேண்டியது 13ஆந் திகதி பகல் ஒரு மணிக்கு. கலண்டரில் அந்த 13ஐ வட்டம் போடுங்கள்.