அன்றாட உடல் வலியை வீட்டிலேயே கவனித்துக்கொள்வது எப்படி

குனிந்து எதையோ தூக்கும்போது இடுப்பில் ‘சுருக்’கென்று பிடித்துக்கொண்டால், நம்மில் பலரும் உடனே மாத்திரையைத் தேடுவோம், அதை விழுங்கிவிட்டு, வலி போகும்வரை படுத்துக்கிடப்போம். இவற்றில் அதிகம் கெடுதல் செய்வது அந்தப் படுக்கைதான் என்பது என் எண்ணம். முதல் நாள் சற்றே ஓய்வெடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் படுத்தே கிடந்தால் முதுகுத் தசைகள் இறுகி, எழுந்து நடமாடுவது இன்னும் கடினமாகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே நான்கு சுற்று நடப்பதும், வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்வதும் நல்லது. நடக்கும்போது லேசாக வலிப்பதாலேயே உள்ளே ஏதோ முறிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். இரவில் ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுப்பவர்கள் முழங்கால்களுக்கு அடியிலும் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் இடுப்பின் இறுக்கம் குறையும்.

ஒத்தடத்தில் சூடா, குளிர்ச்சியா என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. கால் பிசகி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். வீக்கமே இல்லாமல் கழுத்தோ தோளோ இறுகியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் சேர்த்துச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே ஐஸ் வலியை மட்டுப்படுத்தத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அங்கே ஒத்தடமே கொடுக்க வேண்டாம். தோல் வெந்துபோவது அவர்களுக்குத் தெரியாது.

நள்ளிரவில் கெண்டைச்சதை கல்லாக இறுகி உங்களை எழுப்பினால், அதை அழுத்திப் பிசைவதற்கு முன் காலை நேராக நீட்டி, கையால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். அரை நிமிடத்துக்குள் அந்த முடிச்சு அவிழ்வது கைக்கே தெரியும். பிறகு நீவிவிடலாம்.

மாத்திரை அவசியமானால், கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றோ இரண்டோ போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்; 24 மணி நேரத்தில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவானவர்களும் அன்றாடம் மது அருந்துபவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதால், அட்டையின் பின்புறம் பொடியெழுத்தில் உள்ளதைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள். தெரியாமலே இரட்டிப்பாக விழுங்குவது இப்படித்தான். இபுப்ரோஃபென் போன்றவை வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் ஆகாது. முழங்கால், மணிக்கட்டு வலிக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. தலைவலிக்கு மாதத்தில் பாதி நாள் மாத்திரை போடும் நிலை வந்துவிட்டால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாக இருக்கலாம்.

சில வலிகளுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலும், கால் வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுக்குள் நில்லாமற்போனாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரே காலின் கெண்டைப் பகுதி மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதும், காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து வீங்குவதும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. கணுக்கால் பிசகியவரால் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையென்றால், தைலத்தை மூடி வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் புறப்படுங்கள்.