கண்ணைப் பார்த்துக் கதைத்தல்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் சேருக்கு முன்னால் தலை குனிந்து நிற்பது மரியாதை. பெரியவர் ஏசும்போது நேரே பார்த்தால் "என்ன முறைக்கிறாய்?" என்ற கேள்விதான் வரும். லண்டனிலும் டொராண்டோவிலும் அதே குனிவை, எதையோ மறைக்கிறார் என்றோ அக்கறையில்லை என்றோ எடுத்துக்கொள்வார்கள். அதற்காக ஒருவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டிய நேரங்கள் சில உண்டு; அவற்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் பல நாட்டவர்களைக் கொண்டு செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களுக்கு வசதியாக இருந்த பார்வை சராசரியாக 3.3 செக்கன். ஆகவே மூன்று செக்கன் பார்த்து, கொஞ்சம் விலக்கி, திரும்பப் பாருங்கள். விலக்கும்போது பக்கவாட்டில் விலக்குங்கள். மற்றவர் கதைக்கையில் கூடுதலாகவும் நீங்கள் கதைக்கையில் குறைவாகவும் பார்ப்பதுதான் இங்கே வழமை. வெள்ளைக்காரரும் பதில் தொடங்கும்போது கண்ணை எடுப்பார்கள், முடிக்கும்போது திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கடைசிப் பார்வைக்கு "நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள்" என்று பொருள். நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மேசையைப் பார்த்தபடியே பதிலை முடித்தால், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கேட்டவர் காத்திருப்பார். அந்த இடைவெளி தடுமாற்றமாகத் தெரியும்.

கண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவே பாருங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தலையைப் பக்கவாட்டில் ஆட்டி "ஓம்" சொல்லும் பழக்கத்தையும் கவனியுங்கள். பலர் அதை "இல்லை" என்று எடுப்பார்கள். வாயால் சொல்லிவிடுங்கள். வீடியோவில் கதைக்கும்போது, பதிலின் கடைசி வரியிலாவது திரையை விட்டு கமராவைப் பாருங்கள்.

அகதி விண்ணப்ப நேர்முகத்துக்குத் தனியாகத் தயாராகுங்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழர் என்பதால் கண் தானாக அவரிடம் போகும். கேள்வியை அவர் சொல்லக் கேளுங்கள், பதிலை அதிகாரியைப் பார்த்துச் சொல்லுங்கள். அதிகாரி கணினியில் தட்டிக்கொண்டிருந்தால் உங்கள் சொல்லைப் பதிகிறார். அலட்சியம் என்று நினைத்துப் பதிலைச் சுருக்க வேண்டாம். திகதியையோ இடத்தையோ நினைவுபடுத்தும்போது கண்ணை விலக்குவதில் பிழையில்லை. அது யோசிக்க உதவும். தொடக்கத்திலேயே ஒரு வசனம் சொல்லிவைக்கலாம்: "எங்கள் ஊரில் பெரியவர்களின் கண்ணை நேரே பார்ப்பதில்லை. நான் கீழே பார்த்தால் அது மரியாதைக்காக."

சோதனைச் சாவடியில் முகம் காட்டாமல் நிற்கப் பழகியவர்களுக்கும், சுற்றிவளைப்பில் தலையாட்டிக்கு (முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுப்பவருக்கு) முன் வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுக்கும் இது வெறும் கூச்சமல்ல. சீருடையைக் கண்டதும் கண் தாழ்வது, உயிரைக் காக்க உடம்பு படித்த பாடம். அதை மாற்றச் சொல்லி உங்களை வருத்த வேண்டாம். சட்டத்தரணியிடமும் வைத்தியரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் எழுத்தில் தெரிவித்தால் நேர்முகத்தில் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கத் தேவை வராது. அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் பெண்களாக இருக்க வேண்டுமென்று பெண்கள் கேட்கலாம். நேர்முக நாளுக்கு முன்பே கேளுங்கள்.

காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வந்து, மார்க்கப்படி பிற பாலினரிடம் பார்வையைத் தாழ்த்துபவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு வணக்கம் சொல்லுங்கள். ஆளை நோக்கி உடம்பைத் திருப்பி இருங்கள். "ஓம், விளங்குது" என்று இடையிடையே குரல் கொடுத்தால் கேட்கிறீர்கள் என்பது தெரியும்.

நமக்கு அதிகம் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். வகுப்பில் ஆசிரியர் கண்டிக்கும்போது பிள்ளை நிலத்தைப் பார்த்தால், மதிக்கவில்லை என்று இன்னும் கடுமையாகப் பேசுவார். அதே பிள்ளை வீட்டில் அப்பப்பாவை நேரே பார்த்தால் அங்கே ஏச்சு. "ஸ்கூலில் மிஸ்ஸைப் பார், வீட்டில் வீட்டு முறை" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியருக்கும் இதைச் சொல்லுங்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கண்ணைப் பார்ப்பது உண்மையிலேயே வேதனையாக இருக்கலாம். நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பாதீர்கள்.

லண்டன் ரயிலில் இதெல்லாம் தலைகீழ். முன்னால் இருப்பவரைத் தொடர்ந்து பார்த்தால் அவர் சங்கடப்படுவார். போனையோ ஜன்னலையோ பாருங்கள்.