பழைய டெஸ்க்டாப்புக்கு வைஃபை போடுவது

சிபியுவைக் கழற்றவே வேண்டாம், யூஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். கடையில் 'டூயல் பேண்ட்' (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையும் பிடிப்பது) என்று கேட்டு வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது மலிவுதான். ஆனால் ஃபிளாட்டில் அக்கம்பக்கத்து ரூட்டரெல்லாம் அங்கேதான் முட்டிமோதும்.

செருகியதும் விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் தானே டிரைவரை, அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருளை, போட்டுக்கொள்ளும். அடாப்டருக்குப் பதில் புதிதாக ஒரு சிடி டிரைவ் தெரிகிறதா? டிரைவர் அதற்குள்ளேதான் இருக்கும். திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் போனைக் கேபிளில் மாட்டி, யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) ஆன் செய்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்குங்கள்.

வைக்கிற இடம்தான் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் சிபியு மேசைக்கடியில், பக்கத்திலேயே இரும்பு பீரோ. பின்னால் செருகினால் சிக்னல் ஒரே கோடு. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரை மேசைமேல் ஏற்றியதும் முழுசாக வந்தது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அது 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கலக்கும்.