நாடிழந்த ராணியை விண்வெளியில் ஒளித்து வைப்பது எப்படி? முதல் கதை எழுதுபவர்களுக்கு

அரியணை பறிபோய், தலைக்கு விலை வைக்கப்பட்டு, விண்கலங்களில் தப்பித் திரியும் ஒரு ராணி. இப்படி ஒரு கதை எழுத எனக்கு ரொம்ப நாள் ஆசை. முதல் வரைவில் அவள் சுட்டாள், பறந்தாள், தப்பினாள். ஆனால் ராணி என்பது பட்டத்தில் மட்டும்தான் இருந்தது. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஊரை முடிவு செய்யுங்கள்

பெயர் தெரியாத அண்டம் எல்லாம் வேண்டாம். நான் சீரீஸை எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் அதுதான் பெரியது. குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். 60 கிலோ ஆள் அங்கே 2 கிலோகூட எடை காட்ட மாட்டார். மண்ணுக்குள் பனிக்கட்டி நிறைய. குடிநீர், மூச்சுக்கு ஆக்ஸிஜன், எரிபொருளுக்கு ஹைட்ரஜன் எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம். அப்போது பனிச் சுரங்கம் யார் கையிலோ அவர்தான் அரசர். ஆட்சி ஏன் கவிழ்ந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

படி 2: ஒளிய இடம் தேடுங்கள்

இருட்டான வெளியில் ஒளிவது சுலபம் என்று தோன்றும். இல்லை. சுற்றிலும் மைனஸ் 270 டிகிரி குளிர். ஆள் வாழும் கலத்துக்குள் 20 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூடு அகச்சிவப்புக் கதிராகக் கசிந்து, தேடுகிற கருவிக்கு விளக்கு மாதிரி தெரியும். அப்புறம், சீரீஸிலிருந்து பூமிக்குச் செய்தி போக 13 முதல் 33 நிமிடம் ஆகும். கலம் போக மாதக்கணக்கில் ஆகும். அவள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவளைப் பற்றிய அறிவிப்பு முன்பே வந்து காத்திருக்கும். ஆகவே கூட்டத்தில்தான் ஒளிய முடியும், கூலியாளாக.

படி 3: அவள் கையைக் கவனியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், இங்கிலாந்து அரியணைக்கு உரியவர், ஆறு வாரம் இங்கிலாந்துக்குள்ளேயே ஒளிந்து திரிந்தார். வயது 21, உயரம் ஆறடிக்கு மேல், தலைக்கு 1000 பவுண்டு. ஜேன் லேன் என்ற பெண்ணின் வேலைக்காரனாக நடித்துப் பயணம் போனபோது, ஒரு வீட்டுச் சமையல்காரி அவரை இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் பொறிக்குச் சாவி கொடுக்கச் சொன்னாள். அவருக்குத் தெரியவில்லை. எந்த ஊர்க்காரன் நீ, இதுகூடத் தெரியாதா என்று அவள் கோபப்பட்டாள். நான் ஏழைக் குடியானவன் மகன், எங்கள் வீட்டில் இறைச்சி வாட்டுவதே அபூர்வம், வாட்டினாலும் இந்தப் பொறியெல்லாம் கிடையாது என்று சமாளித்தார். அவர் தப்பிய கதையைத் தாமஸ் பிளவுண்ட் எழுதிய பாஸ்கோபெல் என்ற நூலில் வரும் சம்பவம் இது. அவர் ஓக் மரத்தில் ஒளிந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தச் சமையலறைதான் பெரிது. முகத்தை மறைத்துவிடலாம், பழகாத கையை மறைக்க முடியாது.

சரி, உங்கள் கலத்தில் அந்தப் பொறி எது? நான் கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பாவை வைத்தேன். ஓர் ஆள் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். டப்பா நிரம்பினால் மாற்றியே ஆக வேண்டும். துறைமுகத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அரண்மனையில் அதை வேறு யாரோ மாற்றினார்கள், அவள் தூங்கும்போது. இப்போது மேஸ்திரி, "ஏய், டப்பாவை மாத்து" என்கிறார். அவள் கை எந்தப் பூட்டுக்குப் போகும்? என்ன பொய் சொல்வாள்? சார்லஸ் சொன்னது மாதிரி, தெரியாததையே ஏழ்மைக்கு அடையாளமாக்கும் பொய்யாக இருக்கட்டும்.

படி 4: காட்டிக் கொடுக்காதவரை எழுதுங்கள்

சார்லஸை முதலில் மறைத்து வைத்தவர்கள் பெண்டரல் சகோதரர்கள், எளிய குடியானவர்கள். 1000 பவுண்டு அவர்கள் கனவிலும் பார்க்காத பணம். ஆனாலும் வாய் திறக்கவில்லை. உங்கள் கதையில் பக்கத்துப் படுக்கைக்காரி ஏன் வாய் திறக்கவில்லை? அந்தக் காரணம் கிடைக்கும்வரை மேலே எழுத வேண்டாம்.

படி 5: தொடங்குங்கள்

ஆட்சிக் கவிழ்ப்பில் தொடங்காதீர்கள், அது இரண்டு வரியில் பின்னால் வரலாம். டப்பாவில் தொடங்குங்கள். சார்லஸ் 1660இல் அரியணைக்குத் திரும்பினார். உங்கள் ராணி திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் கடைசிக் காட்சியை இப்படி முடித்தேன்: யாரோ ஒரு புதுப் பையன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். அவள் பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை நீட்டி மாற்றிவிடுகிறாள்.